சூத்தையில்லாத பல்

அன்புள்ள சேர்,
அம்பாறை மாவட்டத்தில் பல் வைத்தியராக வேலை செய்கிறேன். எங்களிடம் பயிற்சிக்கு வரும் இளம் பல் வைத்தியர்களுக்கு நாட்பட்ட முகவலி, தாடைவலி பற்றி வகுப்பெடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்ப்ளின்ட் (பல்லின்மேல் மாட்டும் கவசம்) செய்வதில் தொடங்கலாமா? எந்தப் புத்தகம் நல்லது? இந்த நோயாளிகளில் பாதிப்பேருக்கு மனதில்தான் வருத்தம் என்று தோன்றுகிறது. எப்படிச் சமாளிப்பது?
ஒரு வாசகி, கல்முனை

அன்புள்ள மகள்,

பெரியம்மாவின் திவசம் முடிந்த கையோடு உங்கள் கடிதம் வந்தது. அவவின் வலது கன்னத்தைப் பற்றித்தான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒன்று. 'மனதில்தான் வருத்தம்' என்பதை மாணவர்கள் முன்னால் ஒருநாளும் சொல்லிவிடாதீர்கள். மாதக்கணக்காக வலியோடு படுத்தெழும்பும் மனிசருக்கு நித்திரை கெடும், பயம் பிடிக்கும், மனம் சோரும், அதெல்லாம் சேர்ந்து வலியைக் கூட்டவும் செய்யும். அதற்காக வலி பொய்யாகிவிடுமா? நீங்களே இப்படி எழுதினால் உங்களிடம் படிக்கிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

பெரியம்மாவுக்குக் கரண்ட் அடித்ததுபோல வரும். சில நொடிதான். முகம் கழுவினால் வரும், பல் தீட்டினால் வரும், கச்சான் காற்று பட்டாலே வரும். கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது சீலைத் தலைப்பை மடித்துக் கன்னத்தில் பொத்திக்கொள்வா. வெற்றிலையையும் விட்டுவிட்டா. ஒரு பல் டொக்டர் கொடுப்புப் பல்லைப் பிடுங்கினார். விறைப்பு இருக்கும்வரை வலி இல்லை, வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். வலி திரும்பி வந்தது. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார், அப்புறம் அதற்கடுத்ததையும். பிடுங்கின பற்களைக் கழுவி ஒரு தேத்தண்ணிச் சாசரில் வைத்திருந்தா. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றிலும் சூத்தை இல்லை. கடைசியில் ஒரு பொது வைத்தியர்தான் கதையை முழுக்கக் கேட்டு, இது ட்ரைஜெமினல் நியூரல்ஜியா, அதாவது முகத்து நரம்பு வலி என்று சொல்லி, வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசபின் குளிசையைக் குறைந்த அளவில் தொடங்கினார். வலி அடங்கியது. பல் போனது போனதுதான்.

அந்த விறைப்பு ஊசிதான் எல்லோரையும் ஏமாற்றியது. வலியைக் கிளப்பும் இடம் விறைத்தால் நரம்பு வலியும் கொஞ்ச நேரம் நிற்கும், ஆகவே 'விறைத்ததும் வலி நின்றது, பல்தான் காரணம்' என்ற கணக்கு பிழை. பல் நன்றாக விறைத்தும் வலி நிற்கவில்லையென்றால் அந்தப் பல்லில் குறடு வைக்கவே கூடாது. கன்னத்துத் தசையை, அதுதான் மசெற்றரை, விரலால் ஐந்து நொடி அமத்திப் பிடித்து, "வழமையாக வருகிற வலி இதுதானா?" என்று கேட்கப் பழக்குங்கள். சிலருக்கு அங்கே அமத்த, வலி போய்ப் பல்லில் தெரியும். இந்த விரல் வேலையைத் தெரியாததால் எத்தனை நல்ல பற்கள் குப்பைக்குப் போகின்றன! சூத்தையும் இல்லை, வெடிப்பும் இல்லை, எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை என்றால் குறட்டைக் கீழே வைக்கத் தெரிய வேண்டும். நோயாளியே "பிடுங்கிவிடுங்கோ டொக்டர்" என்று கெஞ்சினாலும்தான்.

ஸ்ப்ளின்ட் எல்லாம் பிறகு. வலியில்லாமல் தாடை மூட்டு 'டிக்' என்பதற்கு வைத்தியமே தேவையில்லை. புத்தகமா, தாடை மூட்டு, தசை வலிகளைக் கண்டறிய 2014இல் வெளிவந்த டிசி/டிஎம்டி (DC/TMD) பரிசோதனை முறை இலவசமாகவே கிடைக்கிறது, அதில் தொடங்குங்கள். அமெரிக்காவிலேயே வாய்முக வலியைப் பல் வைத்தியத்தின் தனித்துறையாக 2020இல்தான் ஏற்றார்கள், ஆகவே இங்கே அதற்கு ஆளில்லை என்று காத்திருக்க வேண்டாம். நம் பக்கத்தில் பாக்கு மெல்லுகிறவர்கள் அதிகம், வாய் திறக்க முடியவில்லை என்று வந்தால் மூட்டைப் பிடிக்குமுன் உள்கன்னம் வெளிறி இறுகியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நடந்தால் தாடை வலித்து, நின்றால் விடுகிறது என்பவரை உடனே இதய வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

முதல் வகுப்பில் பல் கருவிகள் இருக்கும் ட்ரேயை வெளியே வைத்துவிட்டு, நோயாளியைச் சாதாரணக் கதிரையில் இருத்தி, மாணவர்களைக் கேட்கவிடுங்கள்: எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எது கிளப்புகிறது, நித்திரையில் எழுப்புகிறதா, இதுவரை எத்தனை பல் பிடுங்கியாயிற்று. கடைசிக் கேள்வியை ஒருவரும் விடக்கூடாது. வகுப்பு எந்த நாள் என்று எழுதுங்கள், கல்முனைக்கு நானும் வருகிறேன்.