கறுப்பின எழுத்தாளர்கள் பேட்டிகளில் ஏன் எப்போதும் இனவெறி பற்றியே பேசுகிறார்கள்?

கேட்கிறார்கள், அதனால் சொல்கிறார்கள். சுருக்கமான பதில் போதுமென்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

யூடியூபில் சுற்றும் இரண்டு நிமிடத் துணுக்குகளைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவற்றில் பதில்தான் இருக்கும், கேள்வியைப் பாதி வெட்டியிருப்பார்கள். 1998இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிக்காக ஜானா வென்ட் என்ற பத்திரிகையாளர், அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியர் டோனி மாரிசனைப் பேட்டி எடுத்தார். மாரிசன் நோபல் வாங்கி அப்போது ஐந்து வருடம் ஆகியிருந்தது. அவரிடம் போய், வெள்ளையர்களுக்கும் பெரிய இடம் கொடுத்து எழுதுவீர்களா என்று கேட்கிறார். இது எவ்வளவு இனவெறி பிடித்த கேள்வி என்றே உங்களுக்குப் புரியவில்லை, ஒரு வெள்ளை எழுத்தாளரிடம் போய் கறுப்பர்களைப் பற்றி எப்போது எழுதுவீர்கள் என்று கேட்பீர்களா என்றார் மாரிசன். எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, "அந்தம்மாவுக்குத் திமிரு" என்றார். தலித் எழுத்தாளர் யாராவது வந்தால் 'வேறு விஷயம் எப்போது எழுதப் போகிறீர்கள்' என்று மைக்கைப் பிடித்துக் கேட்பவரும் இதே அண்ணன்தான். சரி, அது இருக்கட்டும்.

கேட்பவர் மாறினால் பேச்சு எங்கெல்லாம் போகும் என்று தெரிய, கறுப்பின எழுத்தாளர்களான நாவலாசிரியர் ஜேம்ஸ் பால்ட்வினும் கவிஞர் நிக்கி ஜியோவன்னியும் 1971இல் லண்டனில் உட்கார்ந்து பேசியதைப் பாருங்கள். 'சோல்!' என்ற அமெரிக்க நிகழ்ச்சிக்காகப் படமாக்கியது. பால்ட்வினுக்கு வயது 47, ஜியோவன்னிக்கு 28. அங்கேயும் இனவெறி வருகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பேச்சு அப்படியே வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. வெளியே அவமானப்படும் ஆண் அதையெல்லாம் வீட்டில் வந்து கொட்டுகிறான் என்று பால்ட்வின் காரணம் சொல்லிக்கொண்டே வருகிறார். ஜியோவன்னி விடவில்லை. வேலையிடத்தில் அந்த வெள்ளைக்காரனைப் பார்த்துப் பொய்யாகச் சிரிக்க முடிகிறதல்லவா, அந்தப் பொய்ச் சிரிப்பையே என்னிடமும் சிரியேன் என்கிறார்.

நான் இதை அடுப்பு மேடையில் ஃபோனைச் சாய்த்துவைத்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்த்தேன். என் வீட்டுக்காரருக்குத் தனியார் நிதி நிறுவனத்தில் வசூல் பிரிவில் வேலை. மாதக் கடைசியில் மனுஷர் முகத்தைப் பார்க்க முடியாது. பையை நாற்காலியில் எறிகிற சத்தத்திலேயே அன்றைய டார்கெட் தெரிந்துவிடும். அன்று உள்ளே வந்ததும், "ஏங்க, மேனேஜர்கிட்ட சிரிச்சீங்கல்ல, மிச்சம் இருந்தா இங்கயும் கொஞ்சம் காட்டுங்க" என்றேன். அவருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிக் காட்டினேன். சட்டையைக்கூட மாற்றாமல் நின்றபடியே பார்த்துவிட்டு, "அந்தாளு சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல?" என்று பால்ட்வின் கட்சியில் சேர்ந்துவிட்டார். சாப்பிட்டு முடிக்கும்வரை இதே சண்டை.

உடனே கமெண்டில் வந்து 'அடிமை முறையும் உன் வீட்டுக்காரர் டார்கெட்டும் ஒன்றா' என்று ஆரம்பிக்காதீர்கள். ஒன்றில்லை, எனக்கும் தெரியும். 'டால்ஸ்டாய் எனக்காக எழுதவில்லை, அதுபோல நான் கறுப்பர்களுக்காக எழுதுகிறேன், அதற்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை' என்று மாரிசன் ஒரு பேட்டியில் சொன்னார். எனக்காகப் பேசாததை நான் கேட்டுவிட்டு வீட்டில் சண்டை போடுகிறேன், அவ்வளவுதான்.

எழுத்துத் தொழிலைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் 1984இல் 'பாரிஸ் ரிவ்யூ' இதழில் வந்த பால்ட்வின் பேட்டியைப் படியுங்கள். 1948இல் கையில் 40 டாலரோடு பாரிஸ் போய் இறங்கியதைச் சொல்கிறார். அதைவிட எனக்குப் பிடித்தது, பியூஃபோர்ட் டிலேனி என்ற கறுப்பின ஓவியர் நியூயார்க் தெருமுனையில் சிக்னலுக்காக நிற்கும்போது கீழே கைகாட்டிய கதை. பால்ட்வினுக்குத் தேங்கிய தண்ணீர்தான் தெரிகிறது. மறுபடி பார் என்கிறார் டிலேனி. அப்போதுதான் தண்ணீரில் மிதக்கும் எண்ணெயும் அதில் விழுந்திருக்கும் ஊரும் கண்ணில் படுகின்றன. இனம் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தை கிடையாது. துணுக்கு வெட்டுபவர்கள் இதை வெட்டிப் போடமாட்டார்கள், வியூஸ் வராது.

இந்தப் பேட்டியைப் பற்றி ஒரு சிற்றிதழுக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தேன். அந்தத் தேங்கிய தண்ணீர்க் கதையை அப்படியே தூக்கிவிட்டு, பாரபட்சம் பற்றிய பத்திகளை மட்டும் போட்டார்கள். கேட்டதற்கு இடமில்லை என்றார்கள். ஆசிரியரின் கவிதைக்கு மட்டும் இரண்டு முழுப் பக்கம் இருந்தது. என் பிரதியைக்கூடப் புத்தகக் கண்காட்சியில் காசு கொடுத்துத்தான் வாங்கினேன்.