மழையில் கிடைத்த பூனைக்குட்டி

கேள்வி: மழையில் நனைந்து, பீளை கட்டிக் கண்கள் ஒட்டிய நிலையில் தெருவில் கிடந்த பூனைக்குட்டியை எடுத்து வந்திருக்கிறோம். உடல் சில்லிட்டிருக்கிறது. பசும்பால் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், அது வயிற்றுப்போக்கை உண்டாக்கும். உடல் குளிர்ந்திருக்கும் குட்டிக்கு எதுவும் செரிக்காது என்பதால், வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி அருகில் வைத்து, முதலில் உடலைச் சூடேற்றுங்கள். பிறகு, பூனைக்குட்டிகளுக்கென விற்கப்படும் பால்மாவை வெதுவெதுப்பாகக் கரைத்து, குட்டியைக் குப்புறப் படுக்கவைத்தே சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். மல்லாத்திப் புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சால் கண்களைத் துடையுங்கள். பீளை பெரும்பாலும் பூனைச் சளிக்காய்ச்சலின் அறிகுறி. தாமதித்தால் பார்வையே பறிபோகலாம் என்பதால் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காய்ச்சலென்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது கொடிய நஞ்சு.