கார்டு தேய்த்துக் காசு: வட்டியே இல்லையா?

கேள்வி: தங்கை கல்யாணத்துக்காகத் தெரிந்த மொபைல் கடையில் கிரெடிட் கார்டைத் தேய்த்து 1,80,000 ரூபாய் ரொக்கமாக வாங்கினேன். ஒரு வருடமாக மாதாமாதம் கடைக்காரரே பில்லைக் கட்டிவிட்டு மறுபடி கார்டைத் தேய்த்து எடுத்துக்கொள்கிறார். கமிஷன் 2.5 சதவீதம்தான், வட்டி கிடையாது. என் சம்பளம் 35,000. அம்மாவின் 5 பவுன் நகை இருக்கிறது, அடகு வைக்க மனசு வரவில்லை. இப்படியே தொடரலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: வேண்டாம், இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். 2.5 சதவீதம் என்பது மாதத்துக்கு. 1,80,000-க்கு 4,500 ரூபாய், வருடத்துக்கு 54,000, அதாவது 30 சதவீதம் வட்டி. இவ்வளவு கொடுத்தும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, கவனித்தீர்களா? கார்டில் கிடைக்கும் 45, 50 நாள் அவகாசம் பொருள் வாங்குகிறவர்களுக்காக வைத்தது. ஏடிஎம்மில் பணம் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும் என்பதால்தான் ஃபோன் வாங்கியதுபோல் பில் போட்டுக் காசு தருகிறார்கள். வங்கிக்குத் தெரிந்தால் கார்டை முடக்கலாம், அப்போது மொத்தத் தொகையும் ஒரே நேரத்தில் உங்கள் தலையில் விழும்.

பலரும் யோசிக்காத இன்னொன்று வருமான வரி. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ கார்டு பில் கட்டினால் வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் கணக்கில் 12 மாதத்துக்கு 21,60,000 ரூபாய் கட்டியதாகக் காட்டும், சம்பளமோ வருடத்துக்கு 4,20,000. நோட்டீஸ் வந்தால் "கடைக்காரர் கட்டினார்" என்று எந்தக் காகிதத்தை வைத்துச் சொல்வீர்கள்?

சரி, வெளியே வரும் வழி. அம்மாவிடம் பேசுங்கள். மனசு வராதது புரிகிறது, ஆனால் மூன்று நான்கு வருடக் கமிஷன் சேர்ந்தாலே 1,80,000-ஐத் தாண்டிவிடும். வங்கி நகைக்கடன் 10 சதவீத வட்டியில் கிடைத்தால் முதல் வருட வட்டி அதிகபட்சம் 18,000தான். மாதம் 8,300 கட்டினால் ஏறக்குறைய 2 வருடத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். (இடையில் பகுதித் தொகை கட்டலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.) அம்மா மறுத்தால் கார்டு கொடுத்த வங்கியிலேயே பாக்கியை இஎம்ஐயாக மாற்றக் கேளுங்கள். வட்டியும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து நகைக்கடனைவிடக் கூடுதலாகும், ஆனாலும் அசல் குறையும். நகைக்கடனில் கார்டு பாக்கியை அடைத்தால், அந்தக் கடன் தீரும்வரை கார்டின் லிமிட்டை 30,000-க்குக் குறைக்கச் சொல்லிவிடுங்கள்.