பிளாக்ஸ் பொம்மை, அட்டைப்பெட்டி, கவர்: கேள்வி பதில்

சேதராப்பட்டில் ஒரு மோல்டிங் கம்பெனியில் 22 வருடம் வேலை பார்த்தேன். ஏபிஎஸ் என்கிற கெட்டியான பிளாஸ்டிக்கின் குருணையை உருக்கி அச்சில் ஏற்றுவதுதான் என் வேலை. லெகோ மாதிரி அடுக்கி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளும் பெரும்பாலும் அதே ஏபிஎஸ்தான். புதுச்சேரி, கடலூர் பெற்றோர் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

லாஸ்பேட்டை: பெரியவன் காலேஜ் போய்விட்டான். ஒரு மூட்டை லெகோ கிடக்கிறது. காயலான் கடையில் எடைக்குப் போடலாமா?

வேண்டாம் அம்மா. 1958இல் வந்த லெகோ கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்தும். இத்தனை வருடம் தாங்குகிற பிளாஸ்டிக்கைக் குப்பையாக நினைக்கவே எனக்கு மனம் வராது. காயலான் கடையில் ஹெல்மெட், டிவி கூடு மாதிரி பெரிய ஏபிஎஸ் வந்தால் தனியாகப் பிரிப்பார்கள். பொடித் துண்டுகள் கலப்புச் சாக்கில்தான் போகும். வேறு வேறு பிளாஸ்டிக்கைக் கலந்து உருக்கினால் பொலபொலவென்று நொறுங்கும் சரக்குதான் கிடைக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். 40 டிகிரிக்கு மேல் சூடு போனால் வடிவம் கெட்டுப் பிடிப்பு போய்விடலாம். காய்ந்ததும் துணிப்பையில் கட்டி, ஐந்து வயதுக்கு மேல் பிள்ளை இருக்கும் வீட்டுக்குக் கொடுங்கள். போகிக்கு மட்டும் எரித்துவிடாதீர்கள். ஏபிஎஸ் எரிந்தால் புகையில் ஹைட்ரஜன் சயனைடு வரும்.

நெல்லிக்குப்பம்: கரும்பு போடுகிறவர்கள் நாங்கள். கரும்பிலேயே லெகோ செய்கிறார்களாமே? அப்போது மக்கிவிடும்தானே?

மக்காது ஐயா. 2018இலிருந்து லெகோவின் இலை, புதர், மரம் போன்ற மெத்தென்ற துண்டுகளை பிரேசில் கரும்பில் எடுத்த பாலிஎத்திலீனில் செய்கிறார்கள். கரும்பிலிருந்து எத்தனால், அதிலிருந்து எத்திலீன், அதைக் கோத்தால் பாலிஎத்திலீன். கடைசியில் வருவது கச்சா எண்ணெயில் செய்த கேரி பேக்கில் இருக்கும் அதே பொருள். தாய் எது என்பது மண்ணுக்குத் தெரியாது.

பண்ருட்டி: கரும்புச் சக்கை மக்குகிறதே! கரும்பில் செய்த பிளாஸ்டிக் ஏன் மக்காது?

சக்கை நார். அதைத் தின்னும் பூஞ்சை மண்ணிலேயே இருக்கிறது. பாலிஎத்திலீன் சங்கிலியை அப்படிச் சுலபமாக அறுத்துத் தின்ன அதனால் முடியாது.

நெல்லிக்குப்பம் (மறுபடி): அப்படியானால் இது ஊரை ஏமாற்றும் வேலைதானே?

அப்படிச் சொல்ல மாட்டேன். கரும்பு வளரும்போது காற்றிலிருந்து கரியை எடுக்கிறது. எண்ணெய் என்றால் பூமிக்குள் புதைந்திருந்த கரியை வெளியே கொண்டுவருகிறோம். அந்த ஆதாயம் உண்மை. குப்பை விஷயத்தில் மட்டும் ஆதாயம் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முழுக் கட்டையையும் இதில் செய்ய முடியாததற்கும் காரணம் உண்டு. பாலிஎத்திலீன் மென்மையானது, கட்டை கட்டையைக் கவ்வாது. அந்தக் கவ்வலுக்கு அச்சு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கும் குறைவான துல்லியத்தில் இருக்க வேண்டும். அந்த அச்சிலிருந்து அதிகம் சுருங்காமல், வளையாமல் வெளியே வர ஏபிஎஸ் மாதிரி ஒரு பொருள் வேண்டும்.

2021இல் லெகோ கம்பெனியார் தண்ணீர் பாட்டிலைக் குருணையாக்கி மாதிரிக் கட்டை செய்து காட்டினார்கள். 2023இல் அதைக் கைவிட்டார்கள். பாட்டில் பிளாஸ்டிக் மெத்தென்று இருந்ததால் வேறு சரக்கு சேர்க்க வேண்டியிருந்தது, காயவைக்கவும் மின்சாரம் நிறைய பிடித்தது. மொத்தக் கணக்கில் கரி உமிழ்வு கூடிவிடும் என்று அவர்களே சொன்னார்கள். மெஷின் பக்கத்தில் நின்றவன் என்ற முறையில் அந்த முடிவை மதிக்கிறேன்.

வில்லியனூர்: கரும்பு லெகோவைத் தோட்டத்தில் புதைத்தால் மக்குமா?

மக்காது.

அரியாங்குப்பம்: பயோ பிளாஸ்டிக் என்றால் மக்கும் என்றுதானே அர்த்தம்?

இல்லை. மேலே மூன்று முறை சொல்லிவிட்டேன், தயவுசெய்து அதைப் படியுங்கள்.

முதலியார்பேட்டை: சண்டே மார்க்கெட்டில் பழைய கட்டைகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் 2018இல் பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைச் சோதித்தபோது காட்மியம், ஈயம் எல்லாம் அகப்பட்டன. அதிலும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறங்களில். புதிதாக வாங்கினால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள், 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு அது கட்டாயம். உடைந்துபோன மலிவுக் கட்டையையும் எரிக்காதீர்கள்.

கடலூர் முதுநகர்: பேட்டரி பொம்மையை என்ன செய்வது?

மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். அது என் துறை இல்லை.

ரெட்டியார்பாளையம்: பெட்டி இவ்வளவு பெரிசு, உள்ளே கால்வாசிதான் சாமான். கவரும் ஏகப்பட்டது.

நியாயமான கோபம். கட்டை முப்பது வருடம் உழைக்கும், கவருக்குக் கிழிக்கும்வரைதான் வேலை. லெகோ 2021இலிருந்து உள்கவரைக் காகிதத்துக்கு மாற்றத் தொடங்கியது. அட்டையைப் பிரித்து மடித்துப் பழைய பேப்பரோடு போடுங்கள். பளபளவென்று வெள்ளி பூசிய கவரைத்தான் யாரும் எடுக்க மாட்டார்கள், அது நேராகக் குரும்பாபேட் குப்பைமேட்டுக்குத்தான் போகும். அந்த மாதிரிக் கவரில் வரும் பொம்மையையே வாங்காமல் விடுங்கள்.

தேவனாம்பட்டினம்: மகள் பீச் மணலில் ஏழெட்டுக் கட்டைகளைப் புதைத்துவிட்டு வந்துவிட்டாள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். கடலில் விழுந்த லெகோ கட்டை 100 முதல் 1,300 வருடம்வரை கிடக்கக்கூடும் என்று அதே பிளிமத் ஆய்வாளர்கள் 2020இல் கணக்கிட்டார்கள். 1997இல் ஒரு கப்பலிலிருந்து கன்டெய்னர் கவிழ்ந்து விழுந்த லெகோ இன்னமும் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் ஒதுங்குகிறது. நாளை காலை வெயில் ஏறுவதற்குள் மகளையும் கூட்டிக்கொண்டு, மாவு சலிக்கும் பெரிய சல்லடையோடு போங்கள். அலை தொடாத இடமாக இருந்தால் எல்லாமே அங்கேயே இருக்கும்.