கோகோ நாற்று நுனியிலிருந்து கருகினால்

பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் வைத்த கோகோ நாற்றுகளில் மழைக்குப் பின் இலையில் நீர்கோத்த புள்ளி, தண்டு நுனியிலிருந்து கறுக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் பைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிரால் வரும் கருகல்தான். தென்னை நிழலுக்குக் கீழே நிழல் வலையும் கட்டினால் இலை எப்போது காயும்? வலையை எடுங்கள், நாற்றுப் பைகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள், அடித்துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். கருகிய நாற்றைப் பிடுங்கி எரித்துவிடுங்கள், பாவம் பார்க்காதீர்கள்.

அப்புறம் 1% போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளியுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம்; தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் தலா 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து, துத்தத்தைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான கத்தியை முக்கினால் செம்பு படிகிறதா? இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். அன்றே தெளித்துவிட வேண்டும். அடுத்த வருஷம் பருவமழைக்கு முன்பே ஒருமுறை அடியுங்கள்.