மூன்று பிள்ளைகளுடன் பூங்காவுக்கு: முதலில் கதவுநிலையில் ஒரு கோடு போடுங்கள்

ஹட்டன் பக்கமிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “மூத்தவளுக்கு 13, நடுவிலுள்ளவனுக்கு 8, கடைக்குட்டிக்கு 3 வயது. அவர்களின் அப்பா கட்டாரிலிருந்து ஏப்ரலில் மூன்று வார லீவில் வருகிறார். வேன் பிடித்து அவிசாவளையைத் தாண்டி இருக்கும் தண்ணீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம், மாமியும் வருவார். மூன்று பேரும் மூன்று விதம். யாரும் அழாமல், யாரும் மூஞ்சியைத் தூக்காமல் அந்த ஒரு நாளை எப்படிக் கொண்டுபோவது?”

தங்கச்சி, நான் பதினைந்து வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைக் காம்பராவில் (தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) வேலை செய்கிறேன், தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களோடு இந்த மாதிரிப் பயணம் பலதடவை கீழே இறங்கியிருக்கிறேன். நான் பார்த்த அளவில் நாள் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: வந்தவர்கள் எல்லோரும் எல்லா இடத்துக்கும் ஒன்றாகவே போகவேண்டும் என்று நினைப்பது. கடைக்குட்டி ராட்டினத்தின் சத்தத்துக்கே அலறுவான், நடுவிலுள்ளவன் வரிசையில் நிற்கமாட்டான், பெரியவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகள் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அதனால் காலையில் பிரிந்து போங்கள், சாப்பாட்டுக்கு ஒன்றுசேருங்கள், பிறகு எல்லோருக்கும் பொருந்துகிற ஒன்றிரண்டில் மட்டும் சேர்ந்து ஏறுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் வீட்டிலேயே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மூன்று பேரையும் செருப்பில்லாமல் கதவுநிலையில் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டு அளந்து பாருங்கள். பூங்காவில் வயதைக் கேட்கமாட்டார்கள், உயரத்தைத்தான் பார்ப்பார்கள். 90, 100, 120, 140 சென்டிமீட்டர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு இருக்கும், அது இடத்துக்கு இடம் மாறும், முந்தின நாளே போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு வயதுப் பையனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி நடுத்தர உயரம் சுமார் 127 சென்டிமீட்டர். நம் பிள்ளைகளில் நிறையப் பேர் அதற்குக் கீழேதான். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், முழு நாட்டுக்கும் அது 17தான். அந்தப் பிள்ளைகள்தான் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். எட்டு வயதில் 120ஐத் தொடாத பையன் ஒருவன் வாசலில் நின்று, தன்னைவிடச் சின்னவன் உள்ளே போவதைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த ஏமாற்றம் வீட்டிலேயே முடிந்துவிடட்டும். “இதில் நீ ஏறலாம், அதற்கு இன்னும் ரெண்டு விரல் வளரணும்” என்று முதலே சொல்லிவிட்டால் பிள்ளை தாங்கிக்கொள்ளும்.

தயவுசெய்து அந்தக் கோட்டை ஏமாற்றப் பார்க்காதீர்கள். சப்பாத்துக்குள் கடதாசி வைப்பதும், “அண்ணே, ஒரு விரல்தானே, விடுங்க” என்று கெஞ்சுவதும் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. பாதுகாப்புக் கம்பி தொடையையும் இடுப்பையும் அழுத்திப் பிடிக்கிற மாதிரித்தான் செய்யப்பட்டிருக்கும், உடம்பு சின்னதாக இருந்தால் நடுவில் இடைவெளி விழும், இயந்திரம் தூக்கிப்போடும்போது பிள்ளை அந்த வழியாகத்தான் நழுவும்.

கடைக்குட்டி விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். சறுக்கலில் அவனை மடியில் வைத்துக்கொண்டு யாரும் வரக்கூடாது, நீங்களும் சரி, அப்பாவும் சரி, அக்காவும் சரி. பாதுகாப்பு என்று நினைத்துத்தான் எல்லோரும் செய்கிறார்கள். எங்களோடு வந்த ஒரு தாய் அப்படித்தான் இரண்டரை வயதுப் பிள்ளையோடு சாதாரண இரும்புச் சறுக்கலில் வந்தார். பிள்ளையின் ரப்பர்ச் சப்பாத்து பக்கத்துத் தகட்டில் ஒட்டிக்கொண்டது, கால் அங்கேயே நின்றுவிட்டது, தாயின் பாரம் முழுக்கக் கீழே போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பல வாரம் பத்துப் போட்டுக் கிடந்தான். பிள்ளை தனியாகச் சறுக்கினால் அதன் பாரம் சின்னது, கால் பட்டாலும் நின்றுவிடும், ஆள் பாரம் சேரும்போதுதான் எலும்பு திருகி முறிகிறது. தனியாகச் சறுக்க முடியாத உயரமென்றால் அந்தச் சறுக்கல் அவனுக்கு இல்லை. காற்றடித்த குதிக்கும் கோட்டையிலும் இதே கதைதான், பெரிய பிள்ளைகள் குதிக்கும் நேரத்தில் சின்னவனை உள்ளே விடாதீர்கள்.

சரி, இனிக் காலை நேரம். போனதும் முதல் ஒரு மணித்தியாலம் பெரியவள் அப்பாவோடு மட்டும் போகட்டும். அவர் எப்போதாவதுதான் வருகிறார், அவளுக்குப் பதின்மூன்று வயது, இந்த வயதில் அப்பாவோடு தனியாக ஒரு மணித்தியாலம் என்பது பெரிய விஷயம். நீங்கள் சின்னவர்கள் இருவரோடும் முழங்காலளவு குளத்தில் இருங்கள், உங்கள் மாமி, அதாவது பிள்ளைகளின் அப்பாயி, கரையில் பைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த மணித்தியாலம் மாற்றுங்கள்: அப்பா மகனோடு, கடைக்குட்டி தண்ணீரை விட்டு வெளியே வந்து ஏதாவது சாப்பிட்டுவிட்டு அப்பாயியின் பாயில், நீங்கள் மகளோடு. நீங்களும் ஒருதடவை மேலே ஏறிச் சறுக்குங்கள், அவளுக்கு அது பிடிக்கும். மூத்த பெண்பிள்ளையைத் தம்பிமாருக்கு ஆயாவாக்கி நாள் முழுக்க நிறுத்திவைப்பது நம் வீடுகளில் யாருக்குமே தப்பாகத் தெரிவதில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அவளும் பிள்ளைதான். தேதி குறிக்கும் முன் அவளிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், மாதவிலக்கு நாளில் மாட்டிக்கொண்டால் வாயைத் திறந்து சொல்லாமல் நாள் முழுக்க ஒதுங்கியே உட்கார்ந்திருப்பாள்.

உடுப்பையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். இப்படியான இடங்களில் கொட்டன், டெனிம் உடுப்போடு தண்ணீரில் இறங்க வழக்கமாக விடமாட்டார்கள், நைலோன் துணிதான் வேண்டும். அவளுக்கு நீளமான டைட்சும் கைவைத்த நைலோன் ரீசேட்டும் வாங்கிவிட்டால் கூச்சமில்லாமல் விளையாடுவாள், அங்கே போய் வாடகைக்கு எடுத்தால் பிடிக்காத உடுப்பைப் போட்டுக்கொண்டு மூலையில் நிற்பாள். கடைக்குட்டிக்குச் சாதாரண பெம்பஸ் போட்டு இறக்காதீர்கள், தண்ணீரைக் குடித்துத் தலையணை மாதிரி ஊதிவிடும்.

தண்ணீரில் பார்த்துக்கொள்வது பற்றி: நம் பிள்ளைகளில் நீச்சல் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. மூழ்குகிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது, வாய் தண்ணீருக்கு மேலும் கீழுமாய்ப் போய்வரும், பார்த்தால் விளையாடுகிற மாதிரியே இருக்கும். “எல்லோரும்தானே பார்க்கிறோம்” என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம். “இப்ப நான் பார்க்கிறேன்” என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும், அவர் கையில் போன் இருக்கக்கூடாது, கடைக்குட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். கையில் மாட்டும் காற்றுப் பட்டியை நம்பித் தள்ளி நிற்காதீர்கள். மூன்று பேரின் முன்கையிலும் உங்கள் போன் நம்பரை அழியாத பேனையால் எழுதிவிடுங்கள், காணாமல் போனால் வந்து நிற்கவேண்டிய இடத்தையும் உள்ளே போனதும் காட்டிவிடுங்கள்.

சித்திரை வருஷப் பிறப்பை ஒட்டிய நாட்களை விடுங்கள், கூட்டம் தாங்காது, அது முடிந்து வரும் கிழமைநாள் நல்லது. ஏப்ரலில் பின்னேரம் இடிமழை வருவது வழக்கம், அதனால் தண்ணீரைக் காலையில் முடித்துவிடுங்கள், இடிச்சத்தம் கேட்டால் உடனே வெளியே. ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்தில், அவிசாவளை நூறு மீட்டர்கூட இல்லை. குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் புழுக்கம் பழக்கமில்லை, தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் தாகமும் தெரியாது, மத்தியானம் தலைவலி என்று சுருண்டுவிடுவார்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒருதடவை நீங்களாகவே குடிக்கக் கொடுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூளான ஜீவனிப் பக்கெட் இரண்டு பையில் இருக்கட்டும், தம்பிலி (செவ்விளநீர்) கிடைத்தால் இன்னும் நல்லது. சாப்பாட்டுக்குப் பிறகு குதிரை ராட்டினம், குட்டி ரயில் இருந்தால் எல்லோரும் சேர்ந்து ஏறலாம், படமும் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

வேனில் அவிசாவளை வரை சுமார் 70 கிலோமீட்டர், கினிகத்தேனை, கித்துல்கலை, யட்டியாந்தோட்டை வழியாக முழுக்க வளைவு. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் வாந்தி அதிகம், ஆகவே நடுவிலுள்ளவனை முன் சீட்டுக்குப் பின்னால் ரோட்டுத் தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள், போன் கொடுக்காதீர்கள். காலையில் வெறும் வயிறும் வேண்டாம், வயிறு நிறையவும் வேண்டாம், ஒரு ரொட்டியும் கொஞ்சம் இஞ்சிப் பிளேன்டீயும் போதும். திரும்பும்போது பின்னேரம் மூன்று மணிக்கெல்லாம் புறப்பட்டுவிடுங்கள், இருட்டினால் கினிகத்தேனைக்கு மேலே மூடுபனியில் டிரைவருக்குக் கஷ்டம். ஈரத் துணிக்கு ஒரு சொப்பின் பை, சுவெட்டர்களை மட்டும் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள், மேலே ஏற ஏற ஜன்னல் வழியாகக் குளிர் வந்துவிடும், அப்போது மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.