ரோபோட்டிக்ஸ் மன்றத்தில் சேராமல் பொறியியலுக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: நான் பிளஸ் டூ மாணவி. அமெரிக்காவில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்க விரும்புகிறேன். எட்டு ஆண்டுகளாக மிருதங்கம் கற்கிறேன்; மாலையில் அப்பாவின் மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பள்ளியில் ரோபோட்டிக்ஸ் மன்றம் இல்லை. அறிவியல் போட்டி எதிலும் நான் கலந்துகொண்டதில்லை. என் விண்ணப்பம் எடுபடுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தயங்காமல் விண்ணப்பியுங்கள். நம் மாநிலக் கலந்தாய்வின் பொதுப்பிரிவில், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப்தான் பேசும். வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. அமெரிக்கக் கல்லூரிகள் பல அதைக் கேட்கின்றன என்பதாலேயே, பட்டியல் முழுவதும் அறிவியலாக இருந்தாக வேண்டும் என்ற அச்சம் நம் பிள்ளைகளிடம் பரவியிருக்கிறது. அந்த அச்சம் தேவையற்றது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி-யையே பாருங்கள். கணிதம் அல்லது அறிவியல் ஆசிரியர் ஒருவரிடமும், மொழி, வரலாறு போன்ற பாடம் நடத்துபவர் ஒருவரிடமும் அது பரிந்துரைக் கடிதம் கேட்கிறது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வுகளான எஸ்ஏடி அல்லது ஏசிடி மதிப்பெண்ணையும் கேட்கிறது. அறிவியலில் உங்களுக்குள்ள தேர்ச்சி அங்கேயே தெரிந்துவிடும். வகுப்புக்கு வெளியிலான செயல்பாடுகளை எழுத அதன் விண்ணப்பம் தருவது நான்கே இடங்கள். இசை கற்றவர்கள் தம் வாசிப்பைப் பதிவுசெய்து அனுப்பவும் வழி வைத்திருக்கிறது.

பல கல்லூரிகளுக்குப் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தில் 10 செயல்பாடுகள் வரை குறிப்பிடலாம். ஒவ்வொன்றையும் 150 எழுத்துகளுக்குள் விவரிக்க வேண்டும். குடும்பப் பொறுப்பும் ஊதியம் பெறும் வேலையும் அதில் தனி வகைகளாகவே இருக்கின்றன. ஆகவே, கடைக் கணக்கை எழுதக் கூச்சப்படாதீர்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்தப் பொறுப்புகள் என்பதை உள்ளபடி எழுதுங்கள். தாளக் கணக்கைப் பொறியியலோடு வலிந்து முடிச்சுப் போடவும் வேண்டாம். எட்டு ஆண்டுப் பயிற்சிக்கு அதற்கே உரிய மதிப்பு உண்டு. பணம் வாங்கிக்கொண்டு ஒரே மாதத்தில் ‘ஆராய்ச்சிச் சான்றிதழ்’ தருவோரிடம் தயவுசெய்து போகாதீர்கள்.

உங்கள் கவலையெல்லாம் பரிந்துரைக் கடிதத்தின் மீது இருக்கட்டும். இத்தகைய கடிதம் எழுதிப் பழகாத ஆசிரியர்கள் ‘நன்னடத்தை உள்ள மாணவி’ என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் இந்த வாரமே அரை மணி நேரம் கேட்டுப் பெற்று, வகுப்பில் நீங்கள் எழுப்பிய கேள்விகளையும், ஆய்வகத்தில் தவறிப்போன சோதனையை எப்படித் திருத்தினீர்கள் என்பதையும் நினைவூட்டுங்கள். அவற்றை அப்படியே எழுதித் தருமாறு பணிவோடு கேளுங்கள்.